கட்டைவிரல் அளவு முகம்

தம்பி செய்த வீடியோ கேமுக்கு அட்டைப்படம் வரையும் வேலை என் தலையில்தான் விழுந்தது. வீட்டில் வரையத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆழ்வார்பேட்டையில் ஒரு விளம்பர நிறுவனத்துக்காக ஊறுகாய் பாட்டிலுக்கும் சோப்புக்கும் லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். தம்பி பார்த்த வேலையை விட்டுவிட்டு, சைதாப்பேட்டை வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டரும் தானுமாக உட்கார்ந்து, தனி ஆளாக அந்த கேமைச் செய்துகொண்டிருந்தான்.

கேம் எங்கள் அப்பாவைப் பற்றியது. அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் சேல்ஸ்மேன். கல்யாணப் பெண் முடிவு செய்யாமல் தயங்கினால், புடவையைத் தன் இடுப்பிலேயே சுற்றிக் கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் விசிறிப் போட்டுக் காட்டுவார். வழுக்கையும் மீசையுமாக ஒரு ஆள் அரக்குப் பட்டில் நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரித்துவிட்டால் புடவை விற்ற மாதிரி என்பார். தம்பியின் கேமில் நீங்கள்தான் அந்த சேல்ஸ்மேன். ஒரு குடும்பம் வந்து உட்காரும். பெண்ணுக்கு ஒன்று பிடிக்கும், அத்தைக்கு இன்னொன்று பிடிக்கும், மாப்பிள்ளை வீட்டார் உம்மென்று இருப்பார்கள். யார் மனமும் கோணாமல் ஒரு புடவையை எடுத்துக் கொடுத்து அனுப்ப வேண்டும். துப்பாக்கி, சண்டை எதுவும் கிடையாது. அத்தைகளே போதும்.

இணையத்தில் கேம் விற்கும் கடைகளில் படங்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவுதான். பார்க்கிறவன் கடகடவென்று தள்ளிக்கொண்டே போவான். அவன் விரலை அந்தப் படம் ஒரு நொடி நிறுத்த வேண்டும். நான் முதலில் வரைந்ததில் முழுக் கடையும் இருந்தது: அலமாரிகள், ஜமக்காளம், அத்தைகள், கவுன்ட்டருக்கு அடியில் தூங்கும் குழந்தை. பெரிதாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியதும் சாம்பார் சாதம் ஆகிவிட்டது.

"இன்னாக்கா இது, ஒண்ணுமே தெரியல?" என்றான் தம்பி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரி.

அந்தச் சமயத்தில்தான் நைனாவுக்கு வயிற்றுவலி வந்தது. அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அவரை ரத்தம் எடுக்க அனுப்பிவிட்டு, டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். புற்றுநோய், பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான். வெளியே வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் அம்மா முடிவு செய்துவிட்டாள்.

"அவருக்குத் தெரியவே கூடாது. அல்சர்னு சொல்லிடுவோம். தெரிஞ்சா அன்னிக்கே மனசு உட்ருவாரு."

நம் ஊரில் இது புதிதில்லை. தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இப்படி ஒரு 'அல்சர்' இருந்திருக்கும். ஆனாலும் எனக்கு ஆத்திரம். அவர் உடம்பைப் பற்றி அவருக்கே தெரியக்கூடாதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறாளே என்று வாதாடத்தான் வாயைத் திறந்தேன். அம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து மடித்துத் தன் பர்ஸுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

நைனா வீட்டோடு இருந்தார். அவர் நன்றாக இருக்கும்போதே கேம் வெளியே வந்துவிட வேண்டும் என்று தம்பி பேய் மாதிரி உழைத்தான். நானும் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலையைப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, மிச்ச நேரத்தில் அட்டையோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வொன்றாகத் தூக்க ஆரம்பித்தேன். அத்தைகள் போனார்கள், அலமாரி போனது, ஜமக்காளம் போனது. தூக்கத் தூக்கப் படம் நன்றாக வந்தது. கடைசியில் மார்பளவுக்கு நைனா மட்டும் மிஞ்சினார், தோளில் பட்டுப் புடவையோடு. நேராகப் பார்க்கும் கண்தான் ஆளை நிறுத்தும் என்பதால் நம்மைப் பார்த்துச் சிரிக்க வைத்தேன். கேம் விற்கும் இணையக் கடையின் பக்கம் கருப்பு நிறம், அதில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று பின்னால் வெளிர்நீலம். வழுக்கைத் தலை அந்த நீலத்தில் கரைந்துபோகாமல் இருக்கத் தலையைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஒளி. புடவைக் கரையிலிருந்த பூக்களைக் கீழ் மூலைகளில் கொஞ்சம் சிதறவிட்டேன். சுருக்கி, அறையின் அந்தக் கோடியில் நின்று பார்த்தேன். அங்கிருந்தும் நைனா தெரிந்தார்.

கேம் செய்கிறவர்கள் கூடும் ஒரு தளத்தில் தம்பி அதைப் போட்டான். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள். பார்த்தாலே மனசுக்கு இதமாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் தம்பியும் துள்ளிக் குதிக்காத குறை.

ஒரு நாள் மதியம் அம்மா காய் வாங்க மார்க்கெட் போயிருந்தாள். தம்பியும் வெளியே போயிருந்தான். போனில் படத்தை எடுத்து நைனாவிடம் நீட்டினேன். போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், பிறகு கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"சூப்பரா கீதுமா. அப்டியே நான்தான்." கொஞ்சம் நிறுத்தி, "கீழ தோற்றம், மறைவுன்னு ரெண்டு தேதி மட்டும் போட்டுட்டா, ரயில் டேஷன் செவுத்துல ஒட்டிடலாம்" என்றார்.

அப்போதுதான் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். நீல வானம், தலையைச் சுற்றி ஒளி, மூலையில் பூ, நம்மைப் பார்த்துச் சிரிக்கிற முகம். தெருவில் யாராவது செத்தால் மறுநாள் காலையில் சுவரில் இருக்குமே, அந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் தொழிலில் கற்ற ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் செய்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு என்ன தெரியும், அவர்கள் நம் சுவர்களைப் பார்த்ததில்லை.

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். அவருடைய கிண்டலே அப்படித்தான். வேறு எந்த நாளாக இருந்தாலும் "வாய கழுவு நைனா" என்று நானும் சிரித்திருப்பேன். அன்றும் சிரித்திருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். வாய் திறந்தது, சிரிப்பு வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நிமிர்ந்தபோது அவர் போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது அல்சர் இல்லியா?" என்றார்.

போனை அவர் கையிலிருந்து வாங்கப் போனேன், அவர் விடவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"அவதான் சொல்லாதன்னாளா?"

"ஆமா நைனா."

போனைப் படுக்கையில் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அதனால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம். பாவம், எனக்காக எவ்ளோ கஷ்டப்பட்டு நடிச்சிக்கினு கீறா. இந்தப் படத்த மாத்திடு. அவ பாத்தா தாங்க மாட்டா."

அம்மா பையோடு உள்ளே நுழைந்ததும் அவர் குரலே மாறிவிட்டது. "இன்னா, முருங்கக்கா கெடச்சிதா? காரமே போடாம சமைச்சுப் போட்டு, அல்சர் கொல்றதுக்கு முன்னாடி நீயே என்னைக் கொன்னுடுவ போல கீது" என்றார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

படத்தை மாற்றினேன். காற்றில் விரிகிற அரக்குப் புடவைதான் முழுக்க; அதற்கு மேலே ஒரு வழுக்கையும் இரண்டு கண்களும். எல்லாரும் பாராட்டியதை எதற்கு மாற்றினாய் என்று தம்பி கத்தினான். இதுதான் எடுப்பாக இருக்கிறது என்று சாதித்தேன். உண்மையில் இல்லை. தொழில்படி பார்த்தால் பழைய படம்தான் நல்ல படம்.

கேம் வெளியே வந்தது. நைனா படுத்துக்கொண்டே ஆடினார், முதல் அத்தையிடமே தோற்றார். "இதுல ஏங்க உங்க மூஞ்சி பாதி மறைஞ்சு கீது?" என்று அம்மா கேட்டாள். "வெக்கமா இருக்காதா பின்ன? இடுப்புல புடவ கீதே" என்றார். அம்மா இருக்கும்போதெல்லாம் அப்படித்தான் இருந்தார். அவள் கடைக்குப் போகும் நேரங்களில் மட்டும் பயந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்டிமா இருக்கும் அது?" என்று கேட்பார். எனக்கு என்ன தெரியும்? கையை விடாமல் உட்கார்ந்திருப்பேன். கேட் சத்தம் கேட்டதும் கையை எடுத்துக்கொள்வார்.

மழைக்காலம் தொடங்கும் முன் போய்விட்டார்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அத்தனை நாளில் அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"ஒரு விஷயத்துல எனக்கு நிம்மதிடி. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாமயே பாத்துக்கினேன். மனுஷன் பயப்படாம போனாரு."

"ஆமாம்மா," என்றேன். "அவருக்கு ஒண்ணுமே தெரியாது."