ரோவெனா தபேலின் பாதியில் நின்ற சோதனை

விமானப் படைப் பயிற்சியிலிருந்து என்னை நீக்கி எட்டு நாள் ஆகியிருந்தது. ஊருக்கு அனுப்பும் உத்தரவு மணிலாவிலிருந்து வரவில்லை. சும்மா உட்கார்ந்து சோறு தின்ன வேண்டாம் என்று, ஓடுபாதையின் ஓரத்தில் நிற்கும் கட்டுப்பாட்டு வண்டியில் நேரம் குறிக்கும் வேலை கொடுத்தார்கள். எந்த விமானம் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று எழுத வேண்டும். அதனால்தான் வெங்குக்கு நடந்ததை முதல் நொடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெங் என்பது நாங்கள் கூப்பிடும் பெயர். முழுப் பெயர் ரோவெனா தபேல், கட்டாண்டுவானஸ் தீவுக்காரி. எங்கள் அணியில் மிஞ்சியிருந்த ஒரே பெண். பறக்கும் பாடத்தில் தோற்றால் இளஞ்சிவப்புத் தாள் ஒன்று தருவார்கள். மூன்று தாள் சேர்ந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்கு மூன்று சேர்ந்துவிட்டது. அவளிடம் இரண்டு இருந்தன. அன்றைக்குக் கடைசிச் சோதனை. சோதிக்கப் போகிறவர் மேஜர் காதிக்பாக். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல்.

காலையில் விமானத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தவளை வழிமறித்தேன்.

"சாப்பிட்டியா?"

"ஒரு ரொட்டி. அதுவும் தொண்டையிலயே நிக்குது."

"மேஜர் என்ன திட்டுனாலும் பதில் பேசாத, வெங்."

"ஏன், நீ பேசுனியா?"

"நான் வாயே தொறக்கல. அதுக்கும் சேத்துத்தான் தாள் குடுத்தாரு."

அவள் சிரிக்க முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

எட்டு நாற்பதுக்கு ஏறினார்கள். இருவர் அருகருகே உட்காரும் சின்னப் பயிற்சி விமானம். இடப்பக்கம் வெங், வலப்பக்கம் மேஜர். தளத்துக்கு அருகிலிருக்கும் தால் ஏரிப் பக்கம் போய்ப் பயிற்சிகளைச் செய்துகாட்ட வேண்டும். ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு எங்கள் ரேடியோவில் ஒரு சத்தம் வந்தது. பேச்சு இல்லை. புயலில் தகரக் கூரை பிய்ந்து போகும்போது வருமே, அப்படி ஒரு இரைச்சல். அதற்குள் எங்கோ ஒரு பெண் குரல். ஒரு சொல்லும் புரியவில்லை.

வண்டியில் என்னோடு இருந்த கேப்டன் பெர்லாஸ் மைக்கை எடுத்தார். "யாரு அது? திரும்பச் சொல்லு."

மறுபடியும் இரைச்சல்தான்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. ஒரு பெரிய பறவை முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து மேஜரின் முகத்தில் மோதியிருந்தது. மேஜர் நினைவிழந்து, தன் பக்கத்து இயக்கு தண்டின் மேல் அப்படியே குப்புற விழுந்துவிட்டார். இரண்டு தண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. அவர் எடைக்கு விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு ஏரியை நோக்கி இறங்கியது. வெங் இடக்கையால் தன் தண்டை இழுத்தாள், அசையவில்லை. வலக்கையால் மேஜரின் சட்டைக் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். எண்பது கிலோ ஆள். மூன்றாம் முறை இழுத்தபோதுதான் அவர் நிமிர்ந்தார். அதற்குள் இரண்டாயிரம் அடி உயரம் குறைந்திருந்தது.

எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. வண்டிக்குள் இரைச்சல் மட்டும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்று தோன்றியது. "சார், அவ பேசுறது நமக்குக் கேக்கல. நாம பேசுறது அவளுக்குக் கேக்கலாம் இல்லையா? பட்டனை மட்டும் அழுத்தச் சொல்லுங்க."

கேப்டன் என்னை ஒரு நொடி பார்த்தார். மைக்கில், "நான் பேசுறது கேட்டா ரெண்டு தடவ பட்டனை அழுத்து" என்றார்.

இரைச்சல் வந்தது. நின்றது. வந்தது. நின்றது.

"ஆமான்னா ரெண்டு. இல்லன்னா ஒண்ணு. மேஜர் ஓட்டுறாரா?"

ஒன்று.

"அவருக்கு அடிபட்டிருக்கா?"

இரண்டு.

"நீ ஓட்டி எறக்கிடுவியா?"

இந்த முறை உடனே பதில் வரவில்லை. நான் பென்சிலை இரண்டாக ஒடித்திருந்தேன், எப்போது ஒடித்தேன் என்று தெரியவில்லை. பிறகு இரைச்சல் இரண்டு முறை கேட்டது.

தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. கரும்புத் தோட்டத்துக்கு மேலே ஒரு புள்ளியாக அவள் தெரிந்தாள். "சக்கரம் எறக்கிட்டியா?" என்று கேப்டன் கேட்டார். இரண்டு. நான் தொலைநோக்கியில் எண்ணினேன். மூன்று சக்கரமும் இறங்கியிருந்தன. ஆனால் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடல்களை அவள் இறக்கவில்லை. வேகத்தைக் குறைப்பவை அவை. வழக்கத்தைவிட வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

"சார், மடல் எறக்கல. சொல்லுங்க சார்."

"சும்மா இரு, ரெனே. இப்ப அவளப் போட்டுக் குழப்பாத."

சக்கரம் தரையைத் தொட்டது, எகிறியது, மறுபடி தொட்டது. எங்களைக் கடந்து போகும்போது காற்றில் அவள் தலை பின்னால் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன். ரப்பர் கருகும் நாற்றம். ஓடுபாதை முடிந்து புல்லில் பத்தடி போய் நின்றது விமானம்.

ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் மேஜரின் சட்டைக் கழுத்தை இன்னும் விடவில்லை. மருத்துவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.

மேஜர் பிழைத்துக்கொண்டார். தாடை உடைந்திருந்தது. ஒரு கண் போய்விட்டது. வெங்கை எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: சோதனை பாதியில் நின்றிருக்கிறது, விதிப்படி முழுதாக இன்னொரு முறை பறக்க வேண்டும். தோற்றால் அது மூன்றாவது தாள்.

நான் கொதித்துப் போனேன். "ஒரு உயிரக் காப்பாத்தியிருக்க. இதுக்கு மேல என்ன சோதனை வேணுமாம் இவங்களுக்கு?"

"அது இல்ல ரெனே, இப்பப் பிரச்சினை" என்றாள். "காலைல காக்கா ஒண்ணு கூரைல எறங்குச்சு. நான் கட்டிலுக்கு அடியில போயிட்டேன்."

அவள் அம்மா தினமும் போன் செய்தார். "வந்துடு மகளே. போதும். ஊர்ல பள்ளிக்கூடத்துல வேல காலியா இருக்கு. யாரும் உன்ன ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க." அந்தக் கடைசி வாக்கியம்தான் தன்னைக் குத்தியது என்றாள் வெங்.

சோதனைக்கு முந்தின நாள் மருத்துவமனைக்குப் போனோம். மேஜரின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள், பேச முடியாது. எங்களைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த அட்டையை எடுத்து எழுதிக் காட்டினார்.

'மடல் ஏன் இறக்கவில்லை?'

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெங் விறைப்பாக நின்று பதில் சொன்னாள். "விமானம் ஏற்கெனவே நடுங்கிட்டு இருந்துச்சு சார். புதுசா எதையும் மாத்திப் பாக்க பயமா இருந்துச்சு."

அட்டையை மறுபக்கம் திருப்பினார். பிறகு எழுதினார். 'நானும் இறக்கியிருக்க மாட்டேன். கழுத்தில் உள்ள காயம் பறவையா, நீயா?'

"நான்தான் சார். மன்னிச்சிடுங்க."

சிரிப்பில் அவர் தோள்கள் குலுங்கின. வலியில் உடனே முகம் சுளித்தார். நர்ஸ் வந்து எங்களை வெளியே அனுப்பினாள்.

மறுநாள் வேறு தளத்திலிருந்து வந்த கர்னல் உமாலி அவளைச் சோதித்தார். நான் அதே வண்டியில் இருந்தேன். என் உத்தரவு வந்துவிட்டது, மாலை பேருந்து. அதுவரை இருக்க விடுங்கள் என்று கேப்டனிடம் கெஞ்சியிருந்தேன்.

கடைசிப் பாடம், எஞ்சின் நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு இறங்குவது. எஞ்சினைத் தணித்துவிட்டுச் சறுக்கி வர வேண்டும். அவள் சரியாகத்தான் வந்தாள். ஓடுபாதைக்கு இருநூறு அடி உயரத்தில், பக்கத்து வயலிலிருந்து கொக்குக் கூட்டம் ஒன்று எழுந்தது. அறுபது எழுபது இருக்கும். வெள்ளைச் சேலையை உதறினாற்போல் அவள் முன்னால் விரிந்தது.

விமானத்தின் மூக்கு ஒரு நொடி வெட்டி இழுத்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நொடி எஞ்சின் முழு வேகத்தில் கத்தியது. கொக்குகளுக்கு மேலே ஏறிப் போய்விட்டாள். ரேடியோவில் குரல் வந்தது, இம்முறை ஒவ்வொரு சொல்லும் தெளிவாக.

"பறவைங்க இருக்கு. சுத்தி வரேன்."

சுற்றி வந்தாள். இரண்டாம் முறை மென்மையாக இறங்கினாள் என்று சொல்ல ஆசைதான். தடதடவென்றுதான் இறங்கினாள். ஆனால் நடுக்கோட்டில்.

கர்னல் அவளைக் கீழே நிற்கவைத்து நீளமாகப் பேசினார். திருப்பம் சரியில்லை, உயரம் சரியில்லை, இறங்கியது சரியில்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் "சரி சார்" என்றாள். கடைசியில் தாளை நீட்டினார். வெள்ளைத் தாள். அந்த அணியிலேயே மிகக் குறைந்த தேர்ச்சி மதிப்பெண்.

பேருந்து நிறுத்தம்வரை வந்து என் பையைத் தூக்கிக் கொடுத்தாள்.

"கொக்குக் கூட்டத்தப் பாத்தப்ப என்ன நெனச்ச?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் நெனைக்கல. கண்ண மூடிட்டேன் ரெனே. தொறந்து பாத்தா என் கை எஞ்சினக் கூட்டியிருக்கு." சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யார்ட்டயும் சொல்லிடாத."

பத்தொன்பது வருடம் சரக்கு விமானம் ஓட்டினாள். போன மார்ச்சில் ஓய்வு பெற்றுவிட்டாள். அதனால் இப்போது சொல்கிறேன்.