புளியமரத்தடியில் கிடைத்த வேலை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். பிரெஞ்சுக்காரன் காலத்தில், செலியமேட்டில் ஒரு வேலை பார்த்தேன். கூலி கிடையாது, சோறு உண்டு. சாவு வீட்டுக்கு வருகிறவர்களைத் தெருமுனையில் நிறுத்தி, நடந்ததைச் சொல்லி உள்ளே அனுப்ப வேண்டும்.

நான் அங்கே போனது கரும்பு வெட்ட. வேலை கொடுத்த அண்ணனை, வரப்புத் தகராறில் அவருடைய பங்காளியே அரிவாளால் வெட்டிவிட்டான். பக்கத்துக் கரும்புக் கொல்லையில் இருந்த நான் ஓடிப் போவதற்குள் உயிர் போய்விட்டது. வெட்டியவன் ஆற்றைத் தாண்டி இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் ஓடினான். அங்கேயே பிடித்துவிட்டார்கள்.

அண்ணிக்குத் தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நோயில் செத்த வீடென்றால் கட்டிக்கொண்டு அழுவதோடு முடிந்துவிடும். இது வெட்டுப்பட்ட சாவு. வந்தவர்கள் அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "எப்படிம்மா ஆச்சு? மொத வெட்டு எங்க வுழுந்துச்சு?" என்றார்கள். கேட்காமல் போனால் அக்கறை இல்லாதவர்கள் ஆகிவிடுவார்களாம். அண்ணியும் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். ஒரு கட்டத்தில் பேச்சே நின்றுவிட்டது. சோறு வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது.

எதிர்வீட்டு அக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, நீதான பக்கத்துல இருந்த? அந்தப் புளியமரத்தடியில போய்க் குந்து. வர்றவங்களுக்கு எல்லாத்தயும் நீயே சொல்லிடு. அதுக்கப்புறமும் வூட்டுக்குள்ள எவளாச்சும் கேள்வி கேட்டா நான் பாத்துக்கறேன்."

"நான் வெளியூர்க்காரன்க்கா."

"அதான் நல்லது. நீ எந்தப் பங்காளி பக்கம்னு எவனும் கேக்கமாட்டான்."

உட்கார்ந்தேன். அபிஷேகப்பாக்கத்திலிருந்து நடந்து வந்தவர்கள், பாகூரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். ஆளாளுக்கு வெற்றிலை நீட்டியதில் என் நாக்கு வெந்துவிட்டது. உள்ளே அண்ணியை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை.

பிறகு வில்லியனூரிலிருந்து ஒரு வண்டி நிறையப் பெண்கள் வந்தார்கள். தூரத்து உறவு, அண்ணனைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. வெட்டுக் கதையைக் கேட்ட பிறகும் நகரவில்லை.

"ஆளு எப்படிப்பா? எதச் சொல்லி அழுவறது நாங்க?"

எனக்கு மட்டும் என்ன தெரியும்? சில நாள் பழக்கம். செத்தவரைக் குறைத்துச் சொல்லக்கூடாது என்று, "நல்லாப் பாடுவாரு" என்று அவிழ்த்துவிட்டேன். "அவரு பாடினா ஏத்தம் எறைக்கறவன் கைவலி மறந்துடுவான்."

அவர்கள் அதை அப்படியே உள்ளே கொண்டுபோய் ஒப்பாரியில் ஏற்றிவிட்டார்கள். "குயிலாட்டம் பாடுவியே, எங்களுக்கினி யாரு பாடுவா" என்ற குரல் மரத்தடி வரை கேட்டது. பயந்துபோய் வாசலுக்கு ஓடினேன்.

அண்ணி தலையைத் தூக்கினார்.

"இன்னாது? பாட்டா? அந்த மனுசன் வாயத் தொறந்தா மாடு கயித்த அறுத்துக்கினு ஓடும்."

ஒப்பாரி அப்படியே நின்றது. எதிர்வீட்டு அக்காதான் முதலில் சிரித்தார். அண்ணியும் சிரித்தார், அழுதுகொண்டே.

"எவன் சொன்னான் உங்களுக்கு? மரத்தடியில குந்தினு இருக்கறானே, அவனா? கோயில் பஜனையில இவரு ஒரு தடவ பாடினாரு. மேளக்காரன் மேளத்தத் தூக்கினு வூட்டுக்குப் போய்ட்டான்."

"அடியே, அப்புறம்?" என்று வில்லியனூர்க்காரிகள் நெருங்கி உட்கார்ந்தார்கள். அண்ணி சொல்லத் தொடங்கினார். அவர் எப்படிச் செத்தார் என்று இல்லை, எப்படி இருந்தார் என்று.

நான் மரத்தடிக்குத் திரும்பினேன். பெரியவர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்தியபடி வேகமாக வந்தார்.

"சாவு வூடு எதுப்பா?"

"சிரிப்புச் சத்தம் கேக்குதே, அதான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிறுக்கன் என்று முடிவு கட்டி, அந்த வீட்டைத் தாண்டி நாலாவது வீட்டுக்குள் நுழைந்து ஓவென்று அழ ஆரம்பித்தார். அவரைக் கூட்டிவர நான்தான் ஓடினேன்.