சாம்பிராணி வாசம்

விக்கிரமங்கலத்து சக்தி, எங்கள் பக்கத்து ஏசி மெக்கானிக். அவன் அப்பா கூலிக்குக் களை வெட்டியவர். இவன் பைக்கில் ஏசிக்கு அடைக்கும் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறான். பில்டரைக் கழுவும் முன் மோந்து பார்ப்பது அவன் வழக்கம்.

என் பேத்தி பிறந்த சந்தோஷத்தில் ஏசி வாங்கினோம். பிள்ளை தங்கம் மாதிரி. ஆனால் இரண்டு நாளாக இருமல், இழுப்பு. ஏசியும் குளிரவில்லை. சக்தியை வரச் சொன்னேன்.

பில்டரை மோந்ததும் அவன் முகம் மாறியது.

“பெரியம்மா, இந்த ரூமுலயா சாம்பிராணி போடுறீங்க?”

“பின்ன? புள்ளைக்குத் தலைக்கு ஊத்துனா போட வேணாமா?” என்றாள் என் மனைவி இருசம்மாள். “குளிர் வெளிய போயிடும்னு கதவ சாத்திக்கிட்டுத்தான் போடுறேன்.”

“அப்ப பொகை எங்க போவும்? புள்ளதான அத இழுக்குது!”

“நீ ஏசியப் பாருடா. புள்ளைய நான் பாத்துக்குறேன்.”

“ஏசி கெடக்குது. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க.”

சன்னல்களைத் திறந்துவிட்டு அவனே ஆட்டோ பிடித்து வந்தான்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மருந்து வைத்தார்கள். இழுப்பு மெல்லக் குறைந்தது. புகையே ஆகாது என்றார் டாக்டர்.

இருசம்மாள் வீடு திரும்பியதும் சாம்பிராணிக் கரண்டியைக் கொல்லையில் வைத்துவிட்டு, பேத்தியின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.