சிங்கராயர் நறுக்கிய வால்

ஏற்காட்டு மலையில் காப்பியும் மிளகும் விளைகிற அளவுக்கு ஆங்கிலம் விளைவதில்லை. விளைந்த கொஞ்சநஞ்சமும் தன் மேசையில்தான் விளைந்தது என்று எஸ்டேட் ரைட்டர் சிங்கராயர் நம்பினார். அவர் நம்பியதைப் பார்த்து அவர் ஊரான நாரத்தங்காட்டு ஜனங்களும் நம்பிவிட்டார்கள். எந்த ஆபீசுக்கு மனுப் போடுவதானாலும் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். தமிழிலேயே எழுதிப் போட்டால் என்ன என்று களைவெட்டு மேஸ்திரி ஐயாக்கண்ணு ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"தமிழ்ல எழுதுனா ஆபீசுல எல்லாத்துக்கும் புரிஞ்சு போயிருமப்பா. அப்புறம் நம்ம மனுவுக்கு என்ன மரியாதை?" என்றார் சிங்கராயர். மேஸ்திரிக்கு அது நியாயமாகவே பட்டது.

அவருடைய ஆங்கிலத்துக்குத் தலை ஒன்று உண்டு, வால் கிடையாது. எஸ்டேட்டின் பழைய மேனேஜர் எழுதிய கடிதங்களில் 'ஆஸ் ஃபார் ஆஸ் காப்பி இஸ் கன்சர்ண்டு' என்று அடிக்கடி வரும். காப்பியைப் பொறுத்தவரை என்று அதற்கு அர்த்தம். 'ஆஸ் ஃபார் ஆஸ்' என்ற தொடக்கத்தில் சிங்கராயர் மயங்கிப் போனார். துரைமார் மீசையை முறுக்குகிற மாதிரி அதில் ஒரு மிடுக்கு இருந்தது. ஆனால் பின்னால் வந்த 'இஸ் கன்சர்ண்டு' அவரை உறுத்தியது. மிஷன் பள்ளிக்கூடத்துப் பழைய அகராதியைப் புரட்டினார். கவலையுற்ற, கவலை கொண்ட என்று போட்டிருந்தது. கீழே இன்னும் இரண்டு பொருள் இருந்தன. அங்கே வரை அவர் கண் போகவில்லை. முதல் வரியிலேயே குற்றவாளி அகப்பட்டுவிட்டானே!

"காப்பிச் செடி எங்காச்சும் கவலைப்படுமா? மேனேஜர் அவசரத்துல எழுதிப்புட்டாரு, பாவம்" என்று மனைவி இன்பமேரியிடம் சொன்னார். அன்று முதல் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். மனுசரைப் பற்றி எழுதினால் 'இஸ் கன்சர்ண்டு' என்ற வால் உண்டு, ஏனென்றால் மனுசனுக்குக் கவலை உண்டு. காப்பி, உரம், பன்றி, பாலம், ஊர் இவற்றுக்கெல்லாம் வால் கிடையாது. புதிதாக வந்த மேனேஜர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். ஆகவே பல வருசம் அந்தச் சட்டத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

எண்பத்து நாலாம் வருசம் சிங்கராயரின் மகள் ஜெயகுமாரி பத்தாவது தேறினாள். நாரத்தங்காட்டில் பத்தாவது தேறிய முதல் பெண் அவள்தான். பதினொன்றாவது சேர ஏற்காட்டுக்குத்தான் போக வேண்டும். ஊருக்கு பஸ் கிடையாது. பஸ் வந்தால் படிப்பு, வராவிட்டால் எஸ்டேட்டில் களைவெட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பஸ் கேட்டு ஊரே கைநாட்டு வைத்த மனு ஒன்று சிங்கராயரின் ஆங்கிலத்தில் ஏற்கெனவே சேலத்துக்குப் போயிருந்தது.

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த வாரம் பஸ் ஆபீசிலிருந்து பதில் வந்தது. வழியில் உள்ள செம்மநத்தத்தில் பாதை குறுகல், அந்த ஊர்க்காரர்களுக்கு ஆட்சேபணை ஏதும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை. சிங்கராயர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து பதில் எழுதினார்: 'ஆஸ் ஃபார் ஆஸ் செம்மநத்தம், தேர் இஸ் நோ அப்ஜெக்‌ஷன். பஸ் மே கைண்ட்லி பி சென்ட்.' செம்மநத்தத்தைப் பொறுத்தவரை ஆட்சேபணை இல்லை, பஸ்ஸைத் தயவுசெய்து அனுப்பவும் என்பது அவர் எண்ணம். செம்மநத்தம் ஒரு ஊர். ஊர் கவலைப்படாது. சட்டப்படி வாலை நறுக்கிவிட்டார்.

ஜூன் முதல் வாரம் பஸ் வந்தது. நாரத்தங்காட்டில் மாவிலைத் தோரணம் கட்டி, தேங்காய் பழம் வைத்து, ஜெயகுமாரியைப் புதுத் தாவணியில் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். ஆரன் சத்தம் தூரத்தில் கேட்டது. கிட்ட வரவில்லை. மறுபடியும் கேட்டது, இன்னும் தூரத்தில். பஸ் செம்மநத்தத்தோடு திரும்பிப் போய்விட்டது.

பதறிக்கொண்டு ஏற்றம் ஏறி இறங்கி செம்மநத்தத்துக்கு ஓடிய சிங்கராயரை அந்த ஊர்க்காரர்கள் சாமந்தி மாலையோடு பிடித்துக்கொண்டார்கள். கேட்காமலே பஸ் வந்ததில் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்க இங்கிலீசுனாலதான் வந்துச்சுன்னு கண்டக்டரு சொன்னாருங்க! நொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு!" என்று ஊர்ப் பெரியவர் குழந்தைவேல் மாலையைப் போட்டார். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். சிங்கராயர் நாலு வார்த்தை பேசினார். மாலையோடு ஊர் திரும்பியபோது நாரத்தங்காட்டில் ஒரு நாய்கூட அவரைப் பார்த்து வாலாட்டவில்லை.

"அந்த மாலைய ஊட்டுக்குள்ள கொண்டாராதீங்க" என்றாள் இன்பமேரி.

செம்மநத்தம் வரை நடந்து பஸ் ஏறலாமே என்று கேட்கத் தோன்றும். இடையில் உள்ள காட்டில் காட்டெருமை நடமாட்டம். தனியாக ஒரு பெண்ணை இருட்டுகிற நேரத்தில் அதில் நடக்கவிட இன்பமேரி ஒப்பவே இல்லை.

மறுநாள் சிங்கராயர் மலையிறங்கி சேலம் போனார். ஆபீசில் கிளார்க் மாதேஸ்வரன் அவருடைய கடிதத்தை எடுத்து முன்னால் வைத்தார். "நீங்கதானுங்களே எழுதியிருக்கீங்க, செம்மநத்தம் வரைக்கும் ஆட்சேபணை இல்லைன்னு? அதுக்கு மேல ஆட்சேபணை இருக்குதாக்கும்னு அதோட நிறுத்திட்டோமுங்க."

"அய்யா, அது செம்மநத்தத்தைப் பொறுத்தவரைங்கிற அர்த்தத்துல எழுதுனது."

"அப்ப 'இஸ் கன்சர்ண்டு' எங்கீங்க? தமிழ்ல சொன்னா நீங்க 'பொறுத்த'வை விட்டுப்புட்டு வெறும் 'வரை'யை எழுதியிருக்கீங்க. பஸ் 'வரை'யிலேயே நின்னுபோச்சு."

"ஊர் எப்படீங்க கவலைப்படும்?" என்று சிங்கராயர் கேட்டார்.

மாதேஸ்வரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க ஊருக்குக் கவலை இல்லீங்களா? அப்ப எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்தீங்க?" பிறகு இரக்கப்பட்டு, வழி ஒன்று சொன்னார். முதலில் எழுதியது தப்பு என்று அவர் கைப்பட ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், ஆர்டரை மாற்றிவிடலாம்.

சிங்கராயர் பேனாவை எடுத்தார், மூடி வைத்தார். தன் ஆங்கிலம் தப்பு என்று தன் ஆங்கிலத்திலேயே எழுதுவதா? அதுவும் அரசாங்க ஃபைலில்? "யோசிச்சு எழுதிக் கொண்டாரனுங்க" என்று எழுந்து வந்துவிட்டார். அகராதி தப்பாக இருக்கலாம், கிளார்க் அரைகுறையாக இருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது சமாதானம் சொல்லிக்கொண்டார். மனுசன் தன் மானத்துக்கு எத்தனை முட்டுக் கொடுப்பான் என்பதற்கு அளவே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கை முடிகிற நாள் நெருங்கியது. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவர் ஆபீசில் நடந்ததை மறைக்கவில்லை. கிளார்க்கின் அறியாமை என்ற பெயரில் விவரமாகவே சொன்னார். இன்பமேரி கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. ஆனா நாங்க பொறுத்தவரைக்கும் போதும்" என்றாள்.

திங்கட்கிழமை காலை எஸ்டேட் களத்தில் களைவெட்டுக்குப் பேர் கொடுக்கப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சிங்கராயர் வழக்கம்போல் குனிந்த தலை நிமிராமல் பேர் எழுதிக்கொண்டு வந்தார். முத்தாயி. அத்தாயி. வெள்ளையம்மாள்.

"அடுத்தது, பேரு?"

"ஜெயகுமாரிங்க."

நிமிர்ந்தார். அம்மாவின் பழைய சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கையில் களைக்கொத்தோடு மகள் நின்றாள். கோபமாக நிற்கவில்லை, அழவும் இல்லை. மற்ற பெண்களைப் போலவே தன் பேர் ஏறக் காத்துக்கொண்டு நின்றாள். அதுதான் அவரைக் கொன்றது. பெரிய பெரிய வார்த்தைகளை எழுதிய கைக்கு அந்தச் சின்னப் பேரை எழுத வரவில்லை.

"ஏனுங்க ரைட்டரு, எழுதுங்க, பொழுது ஏறுது" என்றார் மேஸ்திரி ஐயாக்கண்ணு.

சிங்கராயர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "ஊட்டுக்குப் போ கண்ணு" என்றார். மேனேஜரிடம் லீவு சொல்லாமல், செம்மநத்தத்துக்கு நடந்து, தன்னால் வந்த அந்த பஸ்ஸிலேயே ஏறி ஏற்காடு போய், அங்கிருந்து சேலம் இறங்கினார்.

மாதேஸ்வரன் ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டினார். சிங்கராயர் நின்றபடியே எழுதினார். இந்தத் தடவை சட்டம் குறுக்கே வரவில்லை. மனுசரைப் பற்றிய வாக்கியம், வால் தாராளமாக உண்டு. 'ஆஸ் ஃபார் ஆஸ் மை டாட்டர் இஸ் கன்சர்ண்டு, ஐ வாஸ் ராங்.' என் மகளைப் பொறுத்தவரை நான் செய்தது தப்பு என்று முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாதேஸ்வரன் இரண்டு முறை படித்தார். "ஆபீசுக்கு வேண்டியது இது இல்லீங்க" என்றார். பிறகு எழுதியவரின் முகத்தைப் பார்த்தார். காகிதத்தை ஃபைலில் வைத்துக் கட்டினார்.

"ஆனா இதுல ஒரு தப்பும் இல்லீங்க. பஸ் வரும், போங்க."