தண்ணீர் இறங்காத இடம்

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ஒரு பழைய ஷெட். புது மெஷின் வருவதால் தரையைச் சமப்படுத்தும் வேலை எங்களுக்கு வந்தது. கிரைண்டிங் முடித்து, பாலிதீன் ஷீட்டை டேப் போட்டுத் தரையில் ஒட்டி வைத்தோம். மறுநாள் பிரித்தால் அடியில் வேர்த்திருந்தது. பக்கத்திலேயே ஏரி, ஈரம் ஏறத்தான் செய்யும். அதற்கு மருந்து உண்டு. ஈரத்தைத் தடுக்கும் டேம்ப் ப்ரூஃப் எபாக்சி கோட்டிங் அடித்து, அதன்மேல் தானாகப் பரவிச் சமமாகும் செல்ஃப் லெவலிங் கலவையை ஊற்றலாம்.

பேஜாரு கொடுத்தது வேறு இடம்.

எங்கள் தொழிலில், கோட்டிங் பிடிக்கத் தரை தண்ணீரை நன்றாகக் குடிக்க வேண்டும்; தெளித்துப் பார்ப்போம். குடிக்காத தரைதான் ஆபத்து. தூண் ஓரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தண்ணீர் இறங்காமல், சேம்பிலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றது. எண்ணெய். டீகிரீஸர் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வெட்டி எடுக்காமல் கோட்டிங் அடித்தால், மெஷின் ஓடுகிற அதிர்விலேயே அப்பளமாக எழும்பிவிடும்.

"மெஷின் ஆயிலா சார்?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இல்லபா, வெளக்கு ஏத்துற எண்ணெய். இங்க பெருக்குற மல்லிகா இருக்காங்கல்ல, அவங்க ஊட்டுக்காரரு மேல கிரேன் லோடு வுழுந்தது இங்கதான். அங்கயே உசிரு போயிடுச்சி. தெனம் வெளக்கு வெச்சிக்கினு இருக்காங்க. ஞாயித்துக்கெழம அவங்க லீவு. அன்னிக்கு ஒடைச்சி ஊத்திடு, கம்முனு முடிஞ்சிடும்."

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். "அந்தம்மாவக் கேக்காம நான் கை வைக்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்வது சுலபம். மறுநாள் காலை மல்லிகா பெருக்கிக்கொண்டே வந்தபோது இரண்டு முறை ஒதுங்கி வழிதான் விட்டேன். ஒருவழியாக விஷயத்தைச் சொன்னேன். அவர் துடைப்பத்தைத் தூணில் சாய்த்தார்.

"ஒடைச்சிக்கோண்ணா. கம்பெனி எடம், நான் இன்னா சொல்ல முடியும்? ஆனா நான் இருக்கும்போது ஒடை. அவரு போன அன்னிக்கு நான் ஓடியாறதுக்குள்ள எல்லாத்தையும் கழுவி வுட்டுட்டாங்க. எனக்குக் காட்டவே இல்ல."

மேனேஜரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், இன்றைக்கே வெட்டுகிறோம் என்றேன்.

அன்றே வெட்டினோம். கான்கிரீட் உடைக்கும் பிரேக்கரின் சத்தத்துக்கு எல்லோரும் காதைப் பொத்தினார்கள், அவர் பொத்தவில்லை. எண்ணெய்க் கறுப்பு போய் நல்ல கான்கிரீட் தெரிந்ததும் நிறுத்தினோம். எங்கள் ஆள் தூசி உறிஞ்சும் வேக்குவமைத் தூக்கிக்கொண்டு வந்தான். மல்லிகா கையை நீட்டித் தடுத்தார்.

"இரு, நான் வாரிக்கிறேன்."

குழி ஓரம் மண்டி போட்டு, ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார். தூசியைக்கூட விரலால் வழித்து எடுத்தார். அப்போதுதான் வாய்விட்டு அழுதார். மேனேஜர் உட்பட யாரும் அவரை எழுப்பவில்லை. அவராக எழுந்த பிறகுதான் குழியை எபாக்சி மார்ட்டர் போட்டு அடைத்தோம்.

தரையில் கறையைக் கண்டால் எதைப் போட்டு எடுப்பது என்று யோசிப்பீர்கள். அது யாருடையது என்று முதலில் கேளுங்கள். அவர்கள் வந்து நிற்கும்வரை பிரேக்கரை ஆன் செய்யாதீர்கள்.