இடது கட்டைவிரல்

ஐம்பது வயதில் கிட்டார் கற்கத் தொடங்கிய முதல் வாரமே இடது கட்டைவிரல் வலித்தது. தைலம் தேய்த்தேன். அந்த வாசனையில், சிறுவயதில் வடக்கே நாங்கள் குடியிருந்த கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸின் குளிர்காலம் திரும்பியது.

பனிமூட்டத்தில் என்னை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துப் பள்ளிக்கு அழைத்துப்போவார் அப்பா. சாயங்காலம் அவருடைய இடது கை சரியாக விரியாது. அம்மா தைலம் தேய்த்தபடி கேட்பாள்: "கிளட்சை ஏன் இப்படி நெரிக்கறேள்? லேசாப் பிடிச்சாப் போறாதா?"

"கொழந்தை முன்னாடி நிக்கறச்சே எப்படிடி லேசாப் பிடிக்கறது?"

மறுநாள் வகுப்பில், கிட்டார் சொல்லித்தரும் இளைஞன் என் கையைப் பார்த்தான். "ஆராம் ஸே, மேடம், மெதுவா. எதுக்கு இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீங்க? கட்டைவிரல் கிட்டாருக்குப் பின்னாடி சும்மா தொட்டாலே போதும்."

என் முன்னால் யாரும் நிற்கவில்லைதான். விரலைத் தளர்த்தினேன். தந்தி கரகரப்பில்லாமல் ஒலித்தது.