சித்தப்பாவின் நெஞ்சுப் பிடிப்பு

தொடக்கப் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது எங்கள் வீட்டில் இரண்டு நோயாளிகள் இருந்தோம். ஒருத்தி நான். இன்னொருவர், கிள்ளான் ஊர் முழுக்க லோரியில் சமையல் கேஸ் உருளைகளை, எங்கள் பேச்சில் தோங்குகளை, கொண்டுபோய்ப் போடும் என் சித்தப்பா. என் நோய் ஊருக்கே தெரிந்தது. ஓடினால் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போலாகும், மூச்சோடு விசில் சத்தமும் வரும். தண்ணீர் கொதித்ததும் விசிலடிக்குமே, அந்தக் கேத்தல்தான் வகுப்பில் எனக்குப் பெயர்.

கேத்தலுக்கும் ஓட ஆசை இருக்கும் அல்லவா? அந்த வருடம் பள்ளி விளையாட்டுப் போட்டியில் எங்கள் சிவப்பு இல்ல அணிக்காக இருநூறு மீட்டர் ஓடியே தீருவேன் என்று அடம்பிடித்தேன். டாக்டரும் ஓடலாம் என்றுதான் சொல்லியிருந்தார். முன்னதாக வாயில் மருந்துப் பம்பு அடித்துக்கொள்ள வேண்டும், மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்க வேண்டும், நெஞ்சு இறுகினால் உடனே நிற்க வேண்டும். இந்த நிற்பதுதான் எனக்கு ஆகாது. நின்றால் கேத்தல் என்பார்களே! முதல் நாள் பயிற்சியிலேயே நிற்காமல் ஓடி, உதடு வெளுத்து வீட்டுக்கு வந்தேன். அம்மா பயந்துபோனார். இன்னொரு தடவை இப்படி வந்தால் போட்டியே கிடையாது என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பா, தொப்பையைக் குறைக்கப் போவதாகச் சொல்லி, ஜப்பான் சிலிப்பர் என்ற ரப்பர் செருப்போடு என்னுடன் திடலுக்கு வந்தார். பாதிச் சுற்றுகூட ஓடியிருக்க மாட்டோம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"பாப்பா, சித்தப்பாவுக்கு நெஞ்சு புடிச்சுக்கிச்சு. கொஞ்சம் நில்லு லா."

நின்றேன். அவருக்காகத்தான். என் நெஞ்சும் அப்போதுதான் இறுகத் தொடங்கியிருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை. இருவரும் மெதுவாக நடந்தோம். அவர் மூச்சு வாங்கிய சத்தத்தில், பந்து விளையாடிய பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். தினமும் இதே கதை. எனக்குத் திணறத் தொடங்கும் நேரம் பார்த்து அவருக்கும் பிடித்துக்கொள்ளும். எனக்கு ஒரே சந்தோஷம். உலகத்தில் என்னுடையதைவிட மோசமான நெஞ்சு ஒன்று இருந்தது, அதை நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு பெரிய பொறுப்பை எத்தனை நாள் வாயில் அடக்கி வைப்பது? ஒரு நாள் சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சித்தப்பாவுக்குப் புரையேறியது.

"நெஞ்சு வலின்னா வெளையாட்டா? கெளம்புங்க தம்பி, கிளினிக்குக்கு."

"ஒன்னும் இல்ல லா, அண்ணி."

"அத டாக்டர் சொல்லட்டும்."

என் டாக்டரிடமே போனோம். அவர் சித்தப்பாவின் மார்பிலும் முதுகிலும் கருவியை வைத்து ரொம்ப நேரம் கேட்டார், ஈசிஜியும் எடுத்துப் பார்த்தார். எப்போதெல்லாம் பிடிக்கிறது என்று கேட்டதற்குச் சித்தப்பா தரையைப் பார்த்தார். பதில் நான்தான் சொன்னேன்: என்னோடு ஓடும்போது மட்டும், அதுவும் எனக்கு மூச்சு வாங்கும் அதே நேரத்தில். டாக்டர் இருமல் வந்தது போல வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு என்னிடம் பேசினார்.

"இவர தனியா ஓட விடக்கூடாது. இவரு நின்னா நீயும் நிக்கணும், கூடவே நடக்கணும். ரேஸ் முடிஞ்சதும் ஒடனே ஒக்கார விடாத. பாத்துக்குவியா, கேர்ள்?"

பார்த்துக்கொள்வேன் என்றேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. பாவம், அழுகிறார் என்று நினைத்தேன்.

போட்டியில் நான்காவதாக வந்தேன். வருத்தப்பட எங்கே நேரம்? வேலியோரம் சித்தப்பா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஓட்டத்தைப் பார்த்ததிலேயே பிடித்துக்கொண்டதாம்! அவர் கையைப் பிடித்துத் திடலைச் சுற்றி நடக்க வைத்தேன். அவருக்கு மூச்சு அடங்கியபோது எனக்கும் அடங்கியிருந்தது. அன்று யாராவது கேத்தல் என்று கூப்பிட்டார்களோ என்னவோ, என் காதில் விழவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அவரோடு லோரியில் போனேன். லிப்ட் கெட்டுப்போன அடுக்குமாடி வீடு. தோளுக்கொன்றாக இரண்டு தோங்கைத் தூக்கிக்கொண்டு, பாட்டுப் பாடியபடியே நாலு மாடியையும் ஏறினார். நான் ஒவ்வொரு மாடியிலும் நின்று, மூச்சு வாங்கிவிட்டுப் பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. எப்பேர்ப்பட்ட வியாதி, எவ்வளவு சீக்கிரம் ஓடிவிட்டது!

இனிமேல் பயப்பட வேண்டாம், உங்களைக் குணப்படுத்திவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.

"தேங்க்யூ, டாக்டர்," என்றார் சித்தப்பா, கொஞ்சமும் மூச்சு வாங்காமல்.